டிவிஷன் 1-க்கு ஏறினால் கல்லூரிக்குப் பணம் வருமா, போகுமா?

கேள்வி இதுதான். மகள் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கல்லூரி தன் விளையாட்டு அணிகளை டிவிஷன் 2-லிருந்து டிவிஷன் 1-க்குக் கொண்டுபோகப் போகிறதாம். அதற்காக ஒவ்வொரு மாணவர் தலையிலும் ஆண்டுக்குச் சில நூறு டாலர் கட்டணம் ஏறும், மாணவர்களிடம் வாக்கெடுப்பு வருகிறது. 'டிவியில் நம் பெயர் வரும், விண்ணப்பங்கள் குவியும், போட்ட பணம் திரும்பி வரும்' என்று நிர்வாகம் சொல்கிறது. இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பணம் வரும், ஆனால் செலவு அதைவிட வேகமாக வரும். இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பப்போவது பெரும்பாலும் விளையாட்டுப் பக்கமே போகாத மாணவர்கள். இதைத் தெரிந்துகொண்டே 'சரி, பரவாயில்லை, செய்வோம்' என்று முடிவெடுக்கும் கல்லூரிகளும் உண்டு, அதில் தப்பில்லை. தெரியாமல் வாக்களிப்பதுதான் எனக்குக் கவலை.

முதலில் படிநிலையைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் சுமார் 1,100 கல்லூரிகள் இருக்கின்றன. டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கொடுக்கவே கூடாது. டிவிஷன் 2-ல் கொடுக்கலாம், ஆனால் அளவாக. பெரும்பாலான வீரர்களுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதிதான் கிடைக்கும். டிவிஷன் 1-ல்தான் முழு ஸ்காலர்ஷிப், பெரிய கோச்சுகள், டிவி கேமராக்கள் எல்லாம். அதற்குள்ளும் ஃபுட்பாலுக்கு (நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால்) மட்டும் இரண்டு அடுக்கு: மேலே எஃப்.பி.எஸ்., கீழே எஃப்.சி.எஸ். என்.சி.ஏ.ஏ.வின் வருமானத்தில் பெரும்பகுதி மார்ச் மாதம் நடக்கும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் டிவி ஒப்பந்தத்திலிருந்து வருகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கோடி டாலர். அமைப்பின் வருமானத்தில் டிவிஷன் 2-க்கு ஒதுக்கப்படுவது 4.37 சதவீதம், டிவிஷன் 3-க்கு 3.18 சதவீதம். மீதி பெரும்பாலும் டிவிஷன் 1-ஐச் சுற்றியே போகிறது. இந்த எண்களைப் பார்க்கிற எந்தக் கல்லூரித் தலைவருக்கும் மேலே போகவேண்டும் என்றுதான் தோன்றும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றித்தான் செய்திகளில் அதிகம் பேசுகிறார்கள். டிவிஷன் 2-லிருந்து 1-க்கு விண்ணப்பிக்கவே 15 லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. ஃபுட்பாலில் எஃப்.சி.எஸ்.-லிருந்து எஃப்.பி.எஸ்.-க்கு ஏற 2023 வரை வெறும் 5,000 டாலர் இருந்தது, அந்த ஆண்டு அக்டோபரில் அதை ஒரே அடியாக 50 லட்சம் டாலராக்கினார்கள். கென்னெசா ஸ்டேட் அதற்கு முன்பே விண்ணப்பித்துப் பழைய கட்டணத்தில் தப்பியது, பின்னால் வந்த டெலவேரும் மிசோரி ஸ்டேட்டும் புதிய கட்டணத்தில் மாட்டின. ஆனால் இந்தத் தொகை கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரிதான், கல்யாணச் செலவு என்று அதைச் சொல்ல முடியாது. ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆண்டுதோறும் வரும் செலவை மறக்க முடியாது.

அந்த ஆண்டுச் செலவின் மையத்தில் இருப்பது ஸ்காலர்ஷிப். இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று நடக்கிறது. ஒரு சிறிய தனியார் டிவிஷன் 3 கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுட்பால் அணியில் நூறு பையன்கள், தள்ளுபடி எல்லாம் போக ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20,000 டாலர் கட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அந்த அணி இருப்பதால்தான் அவர்கள் அந்தக் கல்லூரிக்கே வந்தார்கள், இல்லையென்றால் வேறு எங்காவது போயிருப்பார்கள். அப்படியானால் அணி 20 லட்சம் டாலரைக் கொண்டுவருகிறது, கோச்சுகளுக்கும் பேருந்துக்கும் ஹெல்மெட்டுக்கும் போக மிச்சம் நிற்கிறது. மாணவர் சேர்க்கை சரியும் ஊர்களில் பல சிறிய கல்லூரிகள் புதிதாக அணிகளைத் தொடங்குவது இதனால்தான். டிவிஷன் 2-லும் பாதிக் கட்டணம் கட்டும் வீரர்களால் ஓரளவு இதே கணக்கு ஓடுகிறது. டிவிஷன் 1-க்குப் போனதும் கணக்கு தலைகீழாகிறது. அதே இருக்கையில் உட்காரும் வீரர் இனிப் பணம் கட்டமாட்டார், கல்லூரிதான் அவருக்குக் கட்டவேண்டும். ஃபுட்பாலுக்கு நெடுங்காலம் இருந்த ஸ்காலர்ஷிப் உச்சவரம்பைப் பார்த்தாலே தெரியும்: டிவிஷன் 2-ல் 36, எஃப்.சி.எஸ்.-ல் 63, எஃப்.பி.எஸ்.-ல் 85. ஏறும் ஒவ்வொரு படியிலும் இருபது முப்பது பேர் கட்டணம் கட்டுவோர் பட்டியலிலிருந்து செலவுப் பட்டியலுக்கு மாறுகிறார்கள்.

அதோடு முடியவில்லை. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின்படி ஆண்களுக்குக் கொடுக்கும் விளையாட்டு உதவிக்கு ஈடாக, பங்கேற்கும் விகிதத்துக்கு ஏற்ப, பெண்களுக்கும் கொடுத்தாகவேண்டும். இது நல்ல சட்டம், அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டு இந்த நிலைக்கு வந்ததே அதனால்தான். ஆனால் பட்ஜெட் போடும்போது ஃபுட்பால் ஸ்காலர்ஷிப்பை மட்டும் காட்டி, அதற்கு ஈடாகப் பெண்கள் பக்கம் ஏறவேண்டிய தொகையைக் காட்டாமல் விட்டால் அந்தக் கணக்கு பாதிக் கணக்குதான். நிர்வாகம் தரும் அறிக்கையில் நான் முதலில் தேடச் சொல்வது இந்த வரியைத்தான்.

அப்புறம் பயணம். டிவிஷன் 2 பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளோடு நடக்கும், காலையில் பேருந்து ஏறினால் இரவு வீடு. டிவிஷன் 1-ல் எந்தக் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் போட்டி நடத்திக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) உங்களைச் சேர்த்துக்கொள்கிறதோ அது போகும் ஊருக்கெல்லாம் நீங்களும் போகவேண்டும். ஃபுட்பாலும் கூடைப்பந்தும் மட்டும் பறப்பதில்லை. டென்னிஸ், வாலிபால், சாஃப்ட்பால் என்று அத்தனை அணிகளும் பறக்கின்றன, டிக்கெட் வருமானம் என்று ஒன்றுமே இல்லாத அணிகள் அவை. குறைந்தது 14 அணிகள் வைத்திருக்கவேண்டும், எஃப்.பி.எஸ். என்றால் 16. எஃப்.பி.எஸ்.-க்கு 2023-ல் புதிதாக வகுத்த விதிப்படி ஆண்டுக்குக் குறைந்தது 210 ஸ்காலர்ஷிப்பும் அதற்காக 60 லட்சம் டாலரும் ஒதுக்கவேண்டும். இவற்றோடு விதிகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம், வீரர்களின் படிப்பைப் பார்த்துக்கொள்ள ஆலோசகர்கள், பிசியோ, எடைப்பயிற்சிக் கூடம், அரங்கத்தில் புது விளக்குகள் வரை எல்லாம் சேரும். இவற்றை விரித்துக்கொண்டே போக வேண்டியதில்லை, திசை புரிந்திருக்கும்.

சரி, இதையெல்லாம் யார் கட்டுகிறார்கள்? என்.சி.ஏ.ஏ. வெளியிட்ட 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டின் மிகப் பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் இருந்த 65 கல்லூரிகளில் 25 மட்டுமே விளையாட்டில் செலவை மிஞ்சிய வருமானம் கண்டன. அந்த ஐந்துக்கு வெளியே டிவிஷன் 1-ல் இருந்த நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் ஒன்றுகூடத் தன் சொந்தக் காலில் நிற்கவில்லை. எனவே உங்கள் மகளின் கல்லூரி போய்ச் சேரப்போகும் தட்டில் 'விளையாட்டே விளையாட்டுக்குச் சம்பாதிக்கும்' என்பது கிடையாது. பள்ளத்தை நிரப்புவது முக்கியமாக இரண்டு வழியில்: பல்கலைக்கழகத்தின் பொது நிதி, இல்லாவிட்டால் மாணவர் கட்டணம்.

மாணவர் கட்டணத்தை வெளிப்படையாகக் கேட்டு வாங்கியதற்கு நல்ல உதாரணம் யூ.சி. சான் டியாகோ. அங்கே முதலில் 2012-ல் வாக்கெடுப்பு நடந்தது, மாணவர்கள் வேண்டாம் என்றார்கள். 2016-ல் மறுபடி கேட்டார்கள், இந்த முறை சுமார் 70 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். படிப்படியாக ஏறிக் கடைசியில் ஆண்டுக்கு 480 டாலர் கூடுதல் கட்டணம். கட்டணத்தின் ஒரு பங்கு வசதியில்லாத மாணவர்களின் நிதியுதவிக்கே திரும்பும் என்றும் ஏற்பாடு இருந்தது. 2020-ல் பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தார்கள். ஹவாயை விட்டால் மற்ற எல்லாக் கல்லூரிகளும் கலிபோர்னியாவிலேயே இருந்ததால் பயணச் செலவு கையை மீறவில்லை. 2025-ல், மார்ச் போட்டிக்கு அனுமதி கிடைத்த முதல் ஆண்டிலேயே (புதிதாக வருகிறவர்களுக்குச் சில ஆண்டு காத்திருப்பு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்), கூடைப்பந்தில் 30 ஆட்டம் வென்று மார்ச் போட்டிக்குள் நுழைந்து மிச்சிகனிடம் மூன்றே புள்ளியில் தோற்றார்கள். இதைவிட நன்றாக ஒரு மாற்றம் நடக்க முடியாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் கவனியுங்கள், பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் அது. அங்கே ஆளுக்கு 480 டாலர் என்பது கோடிகளில் சேரும். மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் அதே 480 டாலரை வசூலித்தால் 14 லட்சம் சொச்சம்தான் தேறும், நுழைவுக் கட்டணத்துக்கே போதாது.

விர்ஜீனியா மாநிலம் இதைச் சட்டமாகவே பார்த்தது. மாணவர் கட்டணம் விளையாட்டு பட்ஜெட்டில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2015-ல் வரம்பு கட்டினார்கள். எஃப்.சி.எஸ்.-ல் இருந்தால் 70, பெரிய கான்ஃபரன்ஸில் இல்லாத எஃப்.பி.எஸ். என்றால் 55. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2021-ல் எஃப்.பி.எஸ்.-க்குப் போக முடிவெடுத்தபோது மாநிலத்தின் ஆய்வுக் குழுவிடம் போய்க் கணக்குக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டியிருந்தது. மேலே போகிறவர்கள் ஒரு வெளி ஆளிடம் எண்களைக் காட்டியே ஆகவேண்டும் என்ற இந்த ஏற்பாடு எல்லா மாநிலத்திலும் இருந்தால் நன்றாக இருக்கும். அதே சமயத்தில் அவர்கள் விட்டுப்போன பழைய கான்ஃபரன்ஸ், 'போகிறவர்களுக்குச் சாம்பியன்ஷிப் கிடையாது' என்ற தன் விதியைக் காட்டி அந்த ஆண்டு அவர்களுடைய அணிகளைக் கான்ஃபரன்ஸ் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தது. ஃபுட்பாலுக்காக எடுத்த முடிவுக்கு மற்ற அணிகளின் பிள்ளைகளும் விலை கொடுத்தார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, அதைச் சொல்லவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பெரிய கல்லூரிகளின் மைதானத்துக்குப் போய்த் தோற்றுவிட்டு அதற்குப் பணம் வாங்கி வருவது. சவானா ஸ்டேட், ஜார்ஜியாவில் இருக்கும் ஒரு சிறிய, வரலாற்றுப் பெருமை கொண்ட கறுப்பினக் கல்லூரி. 2012 செப்டம்பரில் ஒக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, அடுத்த வாரமே ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0. அந்த இரண்டாவது ஆட்டம் இடி மின்னலால் பாதியில் நின்றதால்தான் 55-ஓடு போனது. இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அந்தக் கல்லூரியின் விளையாட்டு பட்ஜெட்டுக்கு அது பெரிய தொகை, வேண்டாம் என்று சொல்ல முடியாத தொகை. ஆனால் ஆடியவர்கள் பத்தொன்பது இருபது வயதுப் பையன்கள், எதிரில் இருந்தவர்கள் அவர்களைவிட எடையிலும் வேகத்திலும் பயிற்சியிலும் பல மடங்கு மேலே. 2019-ல் சவானா ஸ்டேட் மறுபடி டிவிஷன் 2-க்கே திரும்பிவிட்டது. சரியான முடிவு. இதற்கு நேர்மாறாக, 2007-ல் 4 லட்சம் டாலருக்கு மிச்சிகன் போன அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று ஜெயித்தே வந்தது, நிர்வாகங்கள் காட்டும் விளம்பரப் படத்தில் இந்த ஆட்டம்தான் வரும். 84-0 வராது.

அடுத்து, காத்திருப்பு ஆண்டுகள். டிவிஷன் 2-லிருந்து வருகிறவர்களுக்கு இடைக்காலம் நான்கு ஆண்டாக இருந்தது, 2025 ஜனவரியில் அதை மூன்றாகக் குறைத்தார்கள். அந்தக் காலம் முழுக்க டிவிஷன் 1 செலவு உண்டு, மார்ச் போட்டிக்குப் போகும் உரிமை கிடையாது. பெல்லர்மின் 2022-ல் தன் கான்ஃபரன்ஸ் போட்டியை வென்றது, போனதோ ஜாக்சன்வில் ஸ்டேட். 2023-ல் நடந்தது அதைவிட மனதை உறுத்துவது. மெரிமாக் தன் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில் ஃபேர்லீ டிக்கின்சனை ஒரே புள்ளியில் வென்றது. மெரிமாக்குக்கு அனுமதி இல்லாததால் தோற்ற அணிதான் மார்ச் போட்டிக்குப் போனது, போய் முதல் நிலை அணியான பர்டூவையே வீழ்த்தியது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று அது. அந்தப் புகழ் முழுக்க, பத்து நாள் முன்னால் அவர்களைத் தோற்கடித்த கல்லூரியின் கண்ணெதிரே வேறு ஊருக்குப் போனது.

'போட்டிக்குப் போனால் பணம் கொட்டும்' என்பதையும் கொஞ்சம் வகுத்துப் பார்ப்போம். மார்ச் போட்டியில் ஓர் ஆட்டம் ஆடினால் அதற்கு ஒரு 'யூனிட்' என்று கணக்கு, ஆறு ஆண்டுகளில் சுமார் 20 லட்சம் டாலர். இது கல்லூரிக்கு நேரே வராது, கான்ஃபரன்ஸுக்குப் போகும். கான்ஃபரன்ஸில் பத்துக் கல்லூரிகள் இருந்து சமமாகப் பிரித்துக்கொண்டால் ஒரு கல்லூரிக்கு 2 லட்சம், அதையும் ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 33,000 டாலர் சொச்சம். ஓர் உதவிக் கோச்சின் சம்பளம்கூட ஆகாது. பிரிக்கும் முறை கான்ஃபரன்ஸுக்குக் கான்ஃபரன்ஸ் மாறும், ஆனால் அளவு இதுதான். இதை நம்பி யாரும் அரங்கம் கட்டக் கடன் வாங்கக்கூடாது.

விளம்பரப் பயன் வேறு விஷயம், அது உண்மையிலேயே இருக்கிறது. ஹார்வர்டில் டக் சங் செய்த ஆய்வில் சாதாரணமாக இருந்த ஃபுட்பால் அணி சிறந்த அணியாக மாறும்போது கல்லூரிக்கு வரும் விண்ணப்பங்கள் 18 சதவீதம் அளவுக்குக் கூடுவதாகக் கண்டார். ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட் பல்கலைக்கழகம் பாடம் நடத்தத் தொடங்கியதே 1997-ல்தான், 2007-ல் டிவிஷன் 1-க்கு வந்து 2013-ல் ஜார்ஜ்டவுனை வீழ்த்திக் கடைசிப் பதினாறுக்குள் போனபோது அந்த ஒரு வாரத்தில் நாடே அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டது. எத்தனை கோடி கொடுத்தாலும் அப்படி ஒரு விளம்பரம் வாங்க முடியாது. ஆனால் அந்த ஆய்வு பேசுவது ஜெயிக்கும் அணியைப் பற்றி. மேலே ஏறும் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஜெயிப்பதில்லை, எல்லோரும் ஜெயிக்கவும் முடியாது. வெறுமனே டிவிஷன் மாறியதால் என்ன ஆகிறது என்று பார்க்க என்.சி.ஏ.ஏ.வே 2005-ல் பொருளியலாளர்கள் ஜொனாதன் ஆர்சாக், பீட்டர் ஆர்சாக் இருவரிடமும் ஆய்வு கேட்டது. வருமானம் கூடியது, செலவு அதைவிடக் கூடியது, நிகரத்தில் லாபம் தெரியவில்லை என்பதுதான் விடை.

ஜெயித்தாலும் ஜெயித்தது தங்குவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட்டின் கோச் ஆண்டி என்ஃபீல்டு சில நாட்களிலேயே யூ.எஸ்.சி. என்ற பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனார். பர்டூவை வென்ற டோபின் ஆண்டர்சன் ஐயோனாவுக்குப் போனார். சான் டியாகோவின் எரிக் ஓலன் நியூ மெக்சிகோவுக்கு. ஜேம்ஸ் மேடிசனின் கர்ட் சிக்னெட்டி 2023 இறுதியில் இண்டியானாவுக்குப் போனபோது ஒரு டஜன் வீரர்களும் கூடவே போனார்கள், அடுத்த பருவத்திலேயே இண்டியானா, தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. வீரர்கள் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம் என்ற விதி வந்தபிறகு, சிறிய கல்லூரி வளர்த்தெடுக்கும் பையனைப் பெரிய கல்லூரி பணம் கொடுத்து எடுத்துக்கொள்வது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. ஜேம்ஸ் மேடிசன் அப்படியும் தாங்கி நின்று 2025-ல் பிளேஆஃபுக்கே போனது, அது பெரிய சாதனை. அடுத்த கோச்சும் பெரிய இடத்துக்குக் கிளம்பிவிட்டார் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. விளையாட்டுத் துறை காட்டும் நஷ்டத்தில் ஒரு பகுதி ஏட்டு நஷ்டம். முழு ஸ்காலர்ஷிப் என்றால் விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்கு 40,000 டாலர் 'கட்டியதாக' எழுதுகிறார்கள். வகுப்பில் இடம் காலியாகவே கிடந்திருந்தால் அந்த ஒரு மாணவரால் கல்லூரிக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவு சாப்பாடும் படுக்கையும் புத்தகமும்தான், 40,000 இல்லை. அலபாமாவின் யூ.ஏ.பி. பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் நஷ்டம் என்று ஃபுட்பாலை நிறுத்தியது. அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த ஆலோசகர் அறிக்கையை வேறு பொருளியலாளர்கள் இந்தக் கோணத்தில் மறுபடி ஆராய்ந்தபோது அவ்வளவு நஷ்டம் இல்லை என்று வந்தது. ஊர்மக்கள் நிதி திரட்டினார்கள், 2017-ல் அணி திரும்பியது. எனவே நிர்வாகத்திடம் 'நம் வகுப்புகளில் காலியிடம் இருக்கிறதா?' என்று கேட்பது முக்கியம். இடம் நிரம்பி வழியும் கல்லூரியில் ஒரு ஸ்காலர்ஷிப் என்பது பணம் கட்டத் தயாராக இருக்கும் ஒரு மாணவரைத் திருப்பி அனுப்புவது, அங்கே அது முழுச் செலவு.

செயின்ட் தாமஸ், மினசோட்டா. இது எனக்குப் பிடித்த உதாரணம், ஏனென்றால் அவர்கள் பேராசையால் மேலே போகவில்லை. தாங்களே சேர்ந்து நிறுவிய டிவிஷன் 3 கான்ஃபரன்ஸிலிருந்து 2019-ல் அவர்களை வெளியேற்றினார்கள். மற்றவர்களை அளவுக்கு மீறித் தோற்கடிக்கிறார்கள் என்பதுதான் காரணம். 2017-ல் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தை 97-0 என்று வென்றிருந்தார்கள். 2021-ல் மூன்றிலிருந்து நேராக ஒன்றுக்குப் போனார்கள், நவீன காலத்தில் அப்படிப் போன முதல் கல்லூரி. ஆனால் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். ஃபுட்பாலை ஸ்காலர்ஷிப் கொடுக்காத பயோனியர் லீகில் வைத்தார்கள், அதனால் மிகப் பெரிய செலவு அப்படியே மிச்சம். மாநிலத்தில் எல்லா விளையாட்டிலும் டிவிஷன் 1-ல் இருந்தது மினசோட்டா பல்கலைக்கழகம் ஒன்றுதான், அதனால் இரண்டாவது இடம் காலியாக இருந்தது. அரங்கத்துக்கு ஒரு குடும்பம் 7 கோடியே 50 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. நன்கொடையாளர், நகரம், ஃபுட்பால் செலவைத் தவிர்க்கும் வழி, மூன்றும் கையில் இருந்த கல்லூரி. உங்கள் மகளின் கல்லூரியில் இதில் எது இருக்கிறது?

இறங்கி வந்தவர்களையும் பார்க்கவேண்டும். ஹார்ட்ஃபோர்டு 2021 மார்ச்சில் வரலாற்றில் முதல்முறையாக மார்ச் போட்டிக்குப் போனது, மே மாதத்தில் டிவிஷன் 3-க்கு இறங்க முடிவெடுத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் பிரான்சிஸ் 2025-ல் மார்ச் போட்டியில் ஆடிய ஒரு வாரத்திலேயே அதே அறிவிப்பைக் கொடுத்தது. ஐடஹோ 2018-ல் எஃப்.பி.எஸ்.-லிருந்து தானாகவே இறங்கியது. இந்த நேரங்களைக் கவனியுங்கள்: முதல் இரண்டும் தோற்று ஓய்ந்தபிறகு இறங்கவில்லை, ஜெயித்த அதே மாதங்களில் இறங்கின. ஜெயித்த ஆண்டிலும் கணக்கு சரிவரவில்லை என்றால் மற்ற ஆண்டுகளைச் சொல்லவே வேண்டாம். இறங்குவதும் சும்மா இல்லை. ஸ்காலர்ஷிப்பை நம்பிச் சேர்ந்த பிள்ளைகள் நடுவழியில் கல்லூரி மாறுகிறார்கள், பழைய மாணவர்கள் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்துகிறார்கள்.

இப்போது முடிவெடுக்கும் யாரும் 2025 ஜூன் 6-ஐ மறக்கக்கூடாது. அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்த 'ஹவுஸ்' வழக்குச் சமரசத்தின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. பழைய வீரர்களுக்குச் சேரவேண்டிய இழப்பீடு 280 கோடி டாலர், பத்து ஆண்டுகளில். வீரர்களுக்குக் காசு கிடைப்பது நியாயம், இத்தனை ஆண்டு கிடைக்காததுதான் அநியாயம். ஆனால் அந்த 280 கோடியில் ஒரு பெரிய பங்கு, என்.சி.ஏ.ஏ. டிவிஷன் 1 கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்த தொகையிலிருந்து பிடிக்கப்படுகிறது, வழக்கில் பெயரே வராத சிறிய கல்லூரிகளின் பங்கும் அதில் அடக்கம். ஆக, டிவிஷன் 1-ன் கீழ்ப்பகுதிக்குப் புதிதாக வருகிறவர்கள் சுருங்கிய வருமானத்துக்கும் ஏறிய செலவுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். ஐந்து ஆண்டு முந்தைய எண்களை வைத்து எழுதிய அறிக்கை எதுவாக இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மகளிடம் சொல்லுங்கள், வாக்கெடுப்புக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து கேட்கட்டும். ஒரு போட்டியும் ஜெயிக்காத ஐந்து ஆண்டுகளை வைத்துப் போட்ட பட்ஜெட் எங்கே? பெண்கள் அணிகளுக்குச் சேரும் தொகை அதில் இருக்கிறதா? எந்தக் கான்ஃபரன்ஸ் எழுத்தில் இடம் கொடுத்திருக்கிறது, அங்கிருந்து விலக என்ன அபராதம்? இந்த ஆண்டு கூட்டும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா, அல்லது அடுத்தடுத்து வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றிக்கொள்ளலாமா? திட்டம் நின்றுபோனால் கட்டணமும் நிற்குமா? இவற்றுக்கு எண்களோடு பதில் வந்தால், சான் டியாகோ மாணவர்கள் செய்ததுபோல் யோசித்து 'சரி' என்று போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லூரி வாழ்க்கைக்கு ஒரு துள்ளலும் கூட்டமும் வேண்டும் என்று மாணவர்களே நினைத்துப் பணம் கொடுப்பது அவர்கள் உரிமை. வாக்கெடுப்பு நாள்வரை பதில் வரவில்லை என்றால் 'வேண்டாம்' என்று போடச் சொல்வேன். சான் டியாகோவில் 2012-ல் வேண்டாம் என்றதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நான்கு ஆண்டு கழித்து நிர்வாகம் மறுபடி வந்து கேட்கத்தான் செய்தது.